ஃபிளாஷ் தடை, மின்மினிக்கு மட்டும்

கோலசிலாங்கூருக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு மூன்று இலக்கு. புக்கிட் மெலாவத்தியில் குரங்கு, கம்போங் குவாந்தானில் மின்மினி, தோட்டப்புறத்தில் தமிழர்களான நாங்கள். குரங்கு கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும் என்பதால் அதற்குச் சற்றுத் தள்ளி நின்று மரியாதை காட்டுவார்கள். மின்மினிக்கு விதியே காவல். படகில் ஏறும்போதே ஃபிளாஷ் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். வெளிச்சம் பட்டால் பூச்சி தடுமாறும், ஒன்றுக்கொன்று காட்டும் சமிக்ஞை குழம்பும், இணை சேராது. நல்ல விதி, போட்டவர்கள் வாழ்க. மூன்றாம் இலக்கான எங்களுக்கு மட்டும் இப்படி ஒரு பலகை எங்கேயும் நடப்படவில்லை. எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் இந்த இனம் அழியாது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

புஞ்சாக் ஆலாம் பக்கம் படப்பிடிப்புக்கு மூன்று பருவம் உண்டு: தீபாவளி, பள்ளி திறப்பு, தேர்தல். கடைசிப் பருவத்தில் வரும் வெளிச்சமே தனி. 2007 ஏப்ரல் 28-ஆம் தேதி நடந்த ஈஜோக் இடைத்தேர்தல் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய நாட்களில் சாலைக்குத் தார் வந்தது, அமைச்சர்கள் வந்தார்கள், நாடு முழுவதிலுமிருந்து கேமராக்கள் வந்தன. எங்கள் பாட்டிமார் தம் ஆயுளில் பெறாத அரவணைப்பையெல்லாம் அந்தக் கொஞ்ச நாளில் பெற்றுத் தீர்த்தார்கள். வாக்கு எண்ணி முடிந்தது, வந்த வண்டிகள் வந்த வழியே போயின. படங்களில் எங்கள் முகச்சுருக்கம் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது.

தீபாவளிப் பருவத்துச் சக்கர நாற்காலி விழாவைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்குச் சமூக மண்டபத்துக்கு வரச் சொல்வார்கள். ஒய்.பி. எனப்படும் மக்கள் பிரதிநிதி பதினொன்றரைக்கு வருவார். நாற்காலி யாருக்கோ அந்தப் பாட்டி அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் இடுப்பு வலியோடு உட்கார்ந்திருப்பார். எதிரே மேடையில் புதுச் சக்கர நாற்காலி ரிப்பன் கட்டி, உறை பிரிக்காமல் நிற்கும். "அதுலேயே உக்காந்துக்கட்டுமா தம்பி?" என்று கேட்டால், "கொஞ்சம் பொறுங்க பாட்டி, ஒய்.பி. கையால குடுக்கணும்" என்று பதில் வரும். நடக்க முடியாதவருக்காக வாங்கியதில் நடக்க முடியாதவர் உட்கார்ந்தால் விழாவுக்கு முன்பே விழா முடிந்துவிடுமல்லவா.

நாற்காலிக்குக் கைப்பிடி இரண்டுதான். பிடிக்க வேண்டிய கைகளோ பதினான்கு. ஒய்.பி., கிளைத் தலைவர், துணைத் தலைவர், மகளிர் பிரிவு, இளைஞர் பிரிவு, பணம் கொடுத்த ஹார்ட்வேர் கடைக்காரர், இவர்களோடு யாரென்றே தெரியாமல் எல்லாப் படத்திலும் நிற்கும் இன்னொருவர். முன்னால் ஒரு மாதிரிக் காசோலை, பாட்டியைவிட ஒரு சாண் உயரம். "பாட்டி, இங்க பாத்துச் சிரிங்க" என்பார் ஒருவர். படக்காரர் குறுக்கிடுவார்: "சிரிக்க வேணாம் பாட்டி, லேசா கண்ணு கலங்கினாப்ல இருந்தா நல்லா வரும்." பாட்டிக்கு இரண்டும் வராது. மூன்று மணி நேரமாகக் கழிப்பறைக்குப் போகவில்லை. மண்டபத்தின் கழிப்பறை வாசலில் ஒரு முழ உயரத்துக்குப் படி இருக்கிறது. அந்த முகச்சுளிப்பைத்தான் மறுநாள் பத்திரிகையில் 'நெகிழ்ச்சி' என்று போடுவார்கள்.

நாற்காலி வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆயிற்று என்று எந்த நிருபரும் வந்து பார்த்ததில்லை. வீடு என்பது லிஃப்ட் இல்லாத மலிவு விலை அடுக்ககத்தின் மூன்றாவது மாடி. தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, எங்கள் ஆட்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம் பெரும்பாலும் அதுதான். தூக்கிப் போவதற்கு இரண்டு ஆம்பளை ஆட்கள் வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தால் குளியலறைக் கதவுக்குள் நுழையாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவதற்கென்று செய்த, எல்லாருக்கும் ஒரே அளவான கனத்த இரும்பு அது. சில மாதத்தில் துணி உலர்த்தும் கொடியாகிவிடும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் கைவிசைச் சக்கர நாற்காலிக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடம்பை அளந்து பார், வீட்டையும் சாலையையும் விசாரி, பொருத்திக் காட்டு, ஓட்டக் கற்றுக்கொடு, பழுது பார்க்க மறுபடி வா என்று எட்டுக் கட்டம் அதில் உண்டு. மெத்தை சரியில்லாவிட்டால் படுக்கைப்புண் வரும், அந்தப் புண் சீழ் பிடித்தால் ஆளையே கொண்டுபோகும் என்பதால்தான் இத்தனை கட்டம். நம்மவர்கள் காரியத்தில் கெட்டி. எட்டையும் ஒன்றாகச் சுருக்கிவிட்டார்கள்: கிளிக்.

"குறை சொல்லாதே, ஏதோ கொடுக்கிறார்களே" என்று இந்நேரம் யாரோ பல்லைக் கடிப்பது கேட்கிறது. சரி, கொடுப்பதையே கணக்குப் பார்ப்போம். வேலை செய்ய முடியாத மாற்றுத்திறனாளிக்குச் சமூக நல இலாகா தரும் மாத உதவி 2021 பட்ஜெட்டில் 250 ரிங்கிட்டிலிருந்து 300 ஆக உயர்ந்தது. ஒரு குடும்பம் வறுமையில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அரசு திருத்தி வைத்த கோடு 2019 கணக்குப்படி மாதம் 2,208 ரிங்கிட்டாக இருந்தது. இந்த இரண்டு எண்ணையும் மாதிரிக் காசோலையில் பெரிய எழுத்தில் அச்சடித்து, பதினான்கு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுங்களேன். அதை நானே சட்டம் போட்டு வீட்டில் மாட்டுகிறேன்.

சட்டம் இல்லாமலும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 என்று ஒன்று, 685-ஆம் எண். பொது இடத்துக்குப் போக, பேருந்தில் ஏற, படிக்க, வேலை பார்க்க உரிமை உண்டென்று அழகாகச் சொல்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று தேடினால் தாள் தீர்ந்துவிடும்; தண்டனைப் பிரிவே வைக்காமல் நிறைவேற்றினார்கள். அதற்குப் பதில் 41-ஆம் பிரிவை வைத்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் அரசின்மீது வழக்குப் போட முடியாது என்கிறது அது. பாகுபாடு கூடாது என்று மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் 8(2)-ஆம் பிரிவில் உடற்குறைக்கு இடமே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2010-இல் ஏற்றார்கள். தனிமனிதர் முறையிட வழிசெய்யும் கூடுதல் நெறிமுறையில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. ஆக, நல்லெண்ணம் சட்டத்திலேயே பத்திரமாக இருக்கிறது. அதைப் படம் பிடித்துக் காட்டுவதுதான் பாக்கி, அதற்குத்தான் பாட்டி.

இந்தக் கலை நம் ஆட்கள் கண்டுபிடித்ததல்ல. இதற்கு மூலவர் ஒருவர் இருக்கிறார். வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னைப் பட்டாளத்து வெள்ளை அதிகாரி. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னகத்து மக்கள் எலும்பும் தோலுமாக விழுந்துகொண்டிருந்தபோது அவர்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து, விலா எலும்பு தெரிகிற பக்கம் வெளிச்சம் பார்த்துத் திருப்பி, படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் சோறு போடாமல் அனுப்பிவிட்டார் என்ற பேச்சு அன்றே கிளம்பியது. அதே ஆள் 1886-இல் மண்டலேயில், சுட்டுக்கொல்ல நிறுத்திய பர்மியர்களைப் படமெடுக்கக் கேமராவைத் தயார் செய்யும்வரை சுடும் உத்தரவைத் தாமதிக்க வைத்தார் என்று லண்டன்வரை நாறி, விசாரணை வந்தது. ஒய்.பி. வரும்வரை பாட்டி காத்திருக்க வேண்டும் என்கிற மரபு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

ஹூப்பர் படங்களில் எலும்பு விழுந்தது. விழாதது எது என்று பாருங்கள். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு வெள்ளை அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும். அந்தக் கூலி படத்தில் இல்லை. பஞ்சத்தின் நடுவே 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்துக் கொண்டாடிய தர்பார் இல்லை. துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தானியம் இல்லை. ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தது எப்படி என்று அந்தப் படங்களைப் பார்த்தால், வானம் பொய்த்தது, இவர்கள் மெலிந்தார்கள், அவ்வளவுதான் தெரியும். லண்டன் சீமாட்டிகள் கண்ணீர் விட்டுப் பணம் அனுப்பினார்கள். வைஸ்ராயிடம் ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை. அந்த நிலத்திலிருந்துதான் நம் முப்பாட்டன்மார் கப்பலேறி இந்தச் சிலாங்கூர்க் கரைக்கு வந்தார்கள். காடு வெட்டினார்கள், காப்பி நட்டார்கள், பிறகு பால்மரம், பிறகு செம்பனை. பின்னாலேயே கேமராவும் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் டோரதியா லாங் 1936-இல் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தைப் பார்க்காத பத்திரிகையாளர் உலகத்திலேயே இல்லை. அந்தத் தாயின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளியே தெரிய 1978 ஆயிற்று. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அந்த அம்மாள் சொன்னார். நாற்பத்திரண்டு ஆண்டு உலகமே அவர் முகத்தை வைத்திருந்தது, பெயரை வைத்திருக்கவில்லை.

படக்காரர்களை மட்டும் வைது தீர்த்தால் பேனாக்காரர்கள் தப்பிவிடுவார்கள். இவர்கள் அவர்களைவிடப் பழைய பாவிகள். புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குருடு, கூன், ஊமை, செவிடு என்று எட்டு வகைப் பிறவிகளைப் பட்டியல் போட்டு, இவற்றால் பயனில்லை என்று தீர்ப்பும் எழுதிவிட்டு, அந்தப் பட்டியலைக் காட்டிச் சோழன் நலங்கிள்ளிக்கு அறம், பொருள், இன்பம் போதிக்கிறார். அரசன் திருந்துவதற்குக் குருடன் உதாரணம். ஒய்.பி. நல்லவராகத் தெரிவதற்குப் பாட்டி உதாரணம். ஈராயிரம் ஆண்டில் வேலை மாறவில்லை. கம்பன் கூனியின் முதுகைக் கோணலாக்கிவிட்டு மனசையும் அதே அளவுக்குக் கோணலாக்கினான். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் ஒரு குளமே இருக்கிறது. கூனும் குறளும் இறங்கிக் குளித்தால் நேராகி எழலாம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இதற்கென்று தனி நாடக வகையே வந்தது: நொண்டி நாடகம். தாசியிடம் பணத்தை இழந்து, குதிரை திருடி, பிடிபட்டு, கால் வெட்டுண்டவன் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு தன் பாவக்கதையைப் பாடுவான். கடைசியில் தெய்வம் இரங்கிக் காலைத் திருப்பித் தரும். கால் இல்லையென்றால் அது பாவத்தின் சம்பளம், கால் வந்தால் அது கடவுளின் போனஸ். இரண்டுக்கும் நடுவில் கால் இல்லாமலே ஒருவன் கடைக்குப் போய் அரிசி வாங்கி வரலாம் என்கிற காட்சியை எழுத ஒரு புலவனுக்கும் நேரம் கிடைக்கவில்லை.

எழுதாவிட்டாலும் அப்படி வாழ்ந்து காட்டிய இருவர் இருந்தார்கள். இரட்டைப் புலவர்கள். ஒருவருக்குப் பார்வையில்லை, மற்றவருக்கு நடையில்லை. பாட்டில் பாதியை ஒருவர் தொடங்க மறுபாதியை மற்றவர் முடிப்பார். ஒருவர் தோளில் ஒருவர் ஏறிய சித்திரம் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் பாடிய நூல் என்னவென்று தமிழ் மன்றத் தலைவர்களையே கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள். தில்லைக் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா. தோளில் ஏறிய படம் நின்றுவிட்டது, புலமை படத்துக்கு வெளியே விழுந்துவிட்டது.

நம் மலேசியச் சிறுகதைப் போட்டிகளுக்கு நீதிபதியாக இருந்த பாவம் எனக்கும் உண்டு. தோட்டப்புறக் கதையென்றால் கூட்டுப்பொருள் கடையில் வாங்கிய மசாலாத் தூள் போல ஒரே அளவில் வரும்: சம்சு சாராயம் குடிக்கும் தகப்பன், இருமும் தாய், போலியோ காலோடு ஒரு தங்கச்சி, நல்ல மனசுக்கார வாத்தியார். தங்கச்சிக்குப் பேச்சே இருக்காது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பால்மரத்தைப் பார்ப்பாள். நாலாம் பக்கத்தில் மழை வரும், ஐந்தாம் பக்கத்தில் செத்துப்போவாள், அண்ணன் திருந்துவான். அண்ணனைத் திருத்த வேறு வழியா இல்லை? அந்தத் தோட்டத்துக்கு ஒரு முதலாளி உண்டு, ஒரு நிர்வாகி உண்டு, ஒரு கிராணி உண்டு, சம்பளச் சீட்டு உண்டு. கதையில் இவர்கள் ஒருவரும் வர மாட்டார்கள். வந்தால் பரிசுத் தொகை கொடுப்பவர் முகம் சுருங்கும். துன்பத்துக்கு விலாசம் எழுதியவர்களும் இல்லாமலில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் ஆள் பிடிக்கும் தரகனிலிருந்து தேயிலைத் தோட்டத்துத் துரைவரை ஆள் ஆளாகத் தெரிவார்கள். நம்மவரான ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' படித்தவனுக்கு, தமிழனை அந்தத் தண்டவாளத்தில் கொன்றது விதியா ஜப்பான் ராணுவமா என்ற சந்தேகம் வராது. போட்டிக் கதைக்காரர்களுக்கோ விதி போதும். அது வழக்குப் போடாது.

சினிமாவைப் பேசாமல் விட மனம் வரவில்லை. ஜெயமோகன் தன் 'ஏழாம் உலகம்' நாவலில், உடல் சிதைந்த பிச்சைக்காரர்களை வாங்கி விற்கும் வியாபாரத்தை எழுதினார். அதில் விலை பேசுபவனுக்கும் குடும்பம் உண்டு, பக்தி உண்டு. விற்கப்படுபவர்களுக்கு நக்கலும் நட்பும் உண்டு. அதிலிருந்து பிறந்த 'நான் கடவுள்' 2009-இல் வந்தது. பார்வையற்ற கதாநாயகி சித்திரவதைப்பட்டு, கடைசியில் நாயகனிடம் விடுதலை கேட்கிறாள். அவன் கொன்று முக்தி கொடுக்கிறான். கொட்டகையில் கண்ணீர். இயக்குநர் பாலாவுக்குத் தேசிய விருது. ஒரு பார்வையற்ற பெண்ணுக்கு இந்த உலகத்தில் ஒரு வாடகை வீடு, ஒரு வேலை, ஒரு வாய்ச்சண்டை கிடைக்க வழியே இல்லை, கழுத்தறுப்புத்தான் கருணை என்று இரண்டரை மணி நேரம் பாடம் நடத்தியதை நாம் எழுந்து நின்று கைதட்டி ஏற்றுக்கொண்டோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் வெள்ளைக்கோலோடு தினமும் வேலைக்குப் போகும் பெண்கள் நல்லவேளை அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு முக்தி வேண்டாம். வழிகாட்டும் மஞ்சள் ஓட்டின்மேல் நிறுத்திய காரை எடுத்தால் போதும்.

பரிதாபம் அலுத்தால் அடுத்த சரக்கு, உற்சாகம். 'கால் இல்லை, ஆனாலும் ஒன்பது ஏ!' எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிவு வந்த மறுநாள் தமிழ்ப் பத்திரிகைகளில் இந்த 'ஆனாலும்' இல்லாத பக்கம் கிடையாது. இந்த வகைப் படங்கள் எல்லா உறுப்பும் உள்ளவர்கள் தம்மை ஆறுதல்படுத்திக்கொள்ளவே தயாரிக்கப்படுகின்றன என்று ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங், தானே சக்கர நாற்காலியில் இருந்தவர், 2014-இல் மேடையேறிக் கிழித்தார். புலனத்தில் அந்தப் பிள்ளை படத்தைப் பகிர்ந்து, "இவளைப் பார், உனக்கு என்ன கேடு?" என்று நம் பிள்ளையைக் குத்துவதற்கு மட்டுமே அவள் பயன்படுகிறாள். அவளுக்கு வேலை? அரசாங்க வேலையில் நூற்றுக்கு ஒன்று மாற்றுத்திறனாளிக்கு என்று 1988-இல் கொள்கை வகுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது அரை விழுக்காட்டைக்கூட எட்டியிருக்கவில்லை. ஒன்பது ஏ எடுத்த பிள்ளை நேர்காணலுக்குப் போனால் அலுவலகம் இரண்டாம் மாடியில். அங்கே எந்தப் பத்திரிகையும் வருவதில்லை.

இப்போது கேமராவே திரும்பாத பக்கம் ஒன்றைச் சொல்கிறேன்.

புஞ்சாக் ஆலாமிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் கால் இழந்தவர்களைத் தேட ரொம்ப அலைய வேண்டாம். இனிப்புநீர் எடுத்த கால்கள் தெருவுக்குத் தெரு உண்டு. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அந்தக் கால்கள் படத்தில் வராது. காரணம், கால் இழந்தவர் குழந்தை இல்லை, கண் பெரிதாக இல்லை, "வாயைக் கட்டலை" என்று ஊரே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. மாவும் சீனியும் பாலாடைத் தேநீரும்தான் மலிவு, பன்னிரண்டு மணி நேர வேலை முடித்தவனுக்கு நடக்கப் பூங்கா இல்லை, கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு என்பதெல்லாம் ஒரு படத்துக்குள் அடங்காது. பரிதாபத்துக்கும் தகுதித் தேர்வு இருக்கிறது, அவர் அதில் தோற்றுவிட்டார்.

செம்பனைக்கு மருந்து அடித்த பெண்களும் தோற்றவர்கள்தான். முதுகில் பம்ப்பைக் கட்டிக்கொண்டு பாராகுவாட் களைக்கொல்லி அடித்தார்கள். நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, தோல் வெந்தது, கண் எரிந்தது. உள்ளே போனால் முறிமருந்தே கிடையாத விஷம். ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு தோட்டம் தோட்டமாகப் போய் இதை ஆவணப்படுத்திக் கத்தியது. 2002-இல் அரசு தடை விதித்தது. 2006-இல் செம்பனைக்காரர்கள் கெஞ்சலுக்கு இரங்கித் தடையை விலக்கியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை. இடையில் போன பதினான்கு வருஷத்துக் கண்களுக்கும் நுரையீரல்களுக்கும் யார் ரிப்பன் வெட்டுவது? அந்தப் பெண்ணைப் படமெடுத்தால் அவள் முதுகுப் பம்ப்பும் விழும், பம்ப்பில் உள்ள பெயரும் விழும், பின்னால் தோட்டத்துப் பெயர்ப்பலகையும் விழும். அப்போது அந்தப் படத்தில் குற்றவாளி இருப்பான். குற்றவாளி இருக்கும் படத்துக்கு ஸ்பான்சர் கிடைக்காது.

பக்கத்துச் சுங்கை பூலோவில் 1930-இல் தொழுநோயாளிகளுக்கென்று ஒரு ஊரையே கட்டி உள்ளே அடைத்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்தார்கள். 2007-இல் ஒரு பகுதியை மருத்துவக் கல்லூரி வளாகத்துக்காக இடித்தார்கள். இன்று வார இறுதியில் பூச்செடி வாங்க அங்கே வண்டி வண்டியாகப் போகிறோம். செம்பருத்தியைப் பல கோணத்தில் படமெடுக்கிறோம்.

நம் வீட்டு வாசலையும் விட்டுவைக்க முடியாது. பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் 'இல்லத்தில்' சாப்பாடு போடுவது இப்போது நாகரிகம். மூளைவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, நம் பிள்ளைக்கு வாழ்த்துப் பாடவைத்து, கேக்கை ஊட்டுவதுபோல் படமெடுத்து, "கடவுள் நமக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறார்" என்று முகநூலில் போடுகிறோம். அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு குழு போய் அடுத்த குழு வரும். அந்தப் பிள்ளைகள் மத்தியானத்துக்குள் மூன்று பேருக்குப் பிறந்தநாள் பாடியிருப்பார்கள். அவர்கள் பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்ட ஒருவரையாவது எனக்குத் தெரியாது. படத்தை எடுக்க அவர்களிடம் அனுமதி கேட்பதா? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைக்கு மட்டுந்தான்; மத்திய, மாநில அரசுகளை அது தொடாது. கருணை வணிகமில்லை, ஆகவே நோயின் பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, வீட்டு வாசல் எல்லாவற்றையும் தாராளமாகப் போடலாம்.

நான் படமே எடுக்காதே, கதையே எழுதாதே என்று சொல்ல வரவில்லை. ஆளை விட்டுவிட்டுப் படியை எடு என்கிறேன். நடைபாதை நடுவில் நட்ட மின்கம்பத்தை எடு. சாய்தளம் இல்லாத கிளினிக்கை எடு. கட்டட உபவிதி 34ஏ ஊனமுற்றோருக்கு வழி வை என்று சொல்லியும் வழியில்லாமல் எழுந்த கட்டடத்தை எடு. கீழே தலைப்பில் பாட்டியின் பெயருக்குப் பதிலாக அதற்கு அனுமதி கொடுத்த அலுவலகத்தின் பெயரைப் போடு. கதையில் தங்கச்சியைப் பேசவிடு, அவள் கெட்ட வார்த்தையும் பேசட்டும். அவளை ஐந்தாம் பக்கத்தில் கொல்லாதே.

தீபாவளிக்குக் கூடையும் நாற்காலியும் கொண்டுவரும் சங்கத்துத் தலைவர்களே, ஒய்.பி.மாரே, ஒரு விண்ணப்பம். கைப்பேசிகளை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பதாகை அடிக்கும் காசில் சிமெண்டும் மணலும் வாங்கி, ஒரு கொத்தனாரை அழைத்து வாருங்கள். வாசலில் மூன்று படி, படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் உயரம் 45. மலேசியத் தர விதிப்படி சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு; ஆகவே நீளம் 5.4 மீட்டர் வேண்டும். அதற்குக் குறைந்தால் செங்குத்தாகி நாற்காலி பின்னால் கவிழும், அதனால் அளவுநாடாவையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.